எல்சி கூட யாரு?

பௌர்ணமி நாட்களில் திருவக்கரைக் கோயில் கோபுரத்துக்கு எதிரேயும், மற்ற நாட்களில் ஊருக்கு வெளியே கல்மரப் பூங்காவின் கேட்டருகேயும் அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள் அம்சவள்ளி; அந்தப் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பேர். பூங்கா வாசலில் ஒரு வேப்பமரம் உண்டு. காலையில் அதன் மேற்குப் பக்கம் உட்காருவாள். வெயில் ஏற ஏற நிழலோடு கூடையும் நகரும். சாயங்காலம் பார்த்தால் கிழக்கே போயிருப்பாள். ஐம்பதைத் தாண்டியவள். கல்குவாரியில் வெகுகாலம் ஜல்லி உடைத்ததில் வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதிகம் பேசமாட்டாள். "சூடா இருக்குது, உப்பு போட்டது" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து எதுவும் வராத நாட்கள் உண்டு.

வீட்டிலும் பேச ஆளில்லை. புருஷன் சின்னதுரை போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள் அன்புச்செல்வியை விக்கிரவாண்டியில், ரோட்டோர ஓட்டல் ஒன்றில் பரோட்டா போடுகிறவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். பூங்காவின் வாட்ச்மேன் கண்ணையன் மட்டும் அவ்வப்போது வந்து நின்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். உள்ளே கிடக்கிற மரங்கள் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தியவை, ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்துக் கல்லாக்கிவிட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அந்த வெள்ளத்தைத் தானே கரையில் நின்று பார்த்தது போலப் பேசுவார். அம்சவள்ளி கேட்டுக்கொள்வாள். அவளுக்குக் கல் என்றால் உடைக்கிற கல்தான். உடைக்காமல் வேலி போட்டு வைத்திருக்கிற கல்லைப் பார்க்க ஜனங்கள் வருவது அவளுக்கு ஒரு ஆச்சரியம்.

மாசி மாதத்தில் ஒரு முற்பகல் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி தனியாக வந்தாள். பஸ்ஸில் இறங்கி நடந்தே வந்திருந்தாள். உயரம். குட்டையாக வெட்டிய நரைமுடி. பாண்டிச்சேரிப் பக்கம் வாங்கிய தொளதொளப்பான பருத்திச் சட்டை. கேட்டுக்குள் போகாமல் கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஒரு மல்லாட்டையை எடுத்துத் தோலோடு வாயில் போட்டுக் கடித்தாள்.

அம்சவள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயய்யோ, துப்பு, துப்பு" என்று சைகை காட்டினாள். வேறொன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பிளந்து, பருப்பை அவள் உள்ளங்கையில் வைத்தாள். அந்த அம்மாளும் சிரித்தாள். தானே ஒன்றைப் பிளக்கப் பார்த்தாள். உப்புத்தண்ணீர் சட்டையில் தெறித்தது. அதற்கும் சிரிப்பு. அப்படியே நிழலில் உட்கார்ந்து பொட்டலம் முழுவதையும் தின்று முடித்தாள். போகும்போது நெஞ்சைத் தொட்டு "இல்ஸே" என்றாள்.

"எல்சியா?" என்றாள் அம்சவள்ளி.

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்து, சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

சற்று நேரத்தில் கண்ணையன் கத்துவது கேட்டது. அம்சவள்ளி கூடையை விட்டுவிட்டு ஓடினாள். படுத்துக் கிடந்த பெரிய கல்மரம் ஒன்றில் சாய்ந்தபடி எல்சி உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டை வேறு யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இரண்டு புள்ளிகள். சுற்றிலும் வீங்கத் தொடங்கியிருந்தது.

"நல்ல பாம்பு! படம் எடுத்துச்சு, என் கண்ணால பார்த்தேன்" என்றார் கண்ணையன். கல்லுக்கு அடியில் இருந்த சந்துக்குப் பக்கத்தில் அவள் கை வைத்துத் தடவியிருக்கிறாள். பாம்பு கொத்திவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் தோள் துண்டை உருவி இறுக்கிக் கட்டப் போனார். அதற்குள், நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்கு அவர் போட்டிருந்த போனை எடுத்துவிட்டார்கள். எதிர்முனையில் பேசிய பெண், கட்டாதீர்கள், கீறாதீர்கள், அவரை நடக்க விடாதீர்கள், கையை அசையாமல் வைத்திருங்கள், வண்டி புறப்பட்டுவிட்டது என்று நிதானமாகச் சொன்னாள். கண்ணையன் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

அம்சவள்ளி எல்சியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டாள். எல்சி தன் நல்ல கையால் அம்சவள்ளியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மயிலம் பக்கத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. வண்டியிலிருந்து இறங்கிய மருத்துவ உதவியாளர் சங்கவி என்கிற சின்ன வயதுப் பெண். காயத்தைப் பார்த்தாள், நாடி பார்த்தாள், ஸ்ட்ரெச்சரில் ஏற்றினாள். கதவைச் சாத்துவதற்கு முன்பு சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கேட்டாள்.

"கூட யாரு வர்றீங்க?"

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணையன் பூங்காவை விட்டு வரமுடியாது. அம்சவள்ளியின் முழங்கையை எல்சி இன்னும் விடவில்லை.

"கூடையைப் பார்த்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அம்சவள்ளி வண்டியில் ஏறினாள்.

*

வண்டிக்குள் குளிர்ந்த வெளிச்சம். ஜன்னலில் பாதி மறைத்த கண்ணாடி. அதன் மேல்பகுதியில் பனைமரங்களின் தலைகள் மட்டும் ஓடின. உடம்பில்லாத மரங்கள் வானத்தில் நீந்திப் போவது போல இருந்தது. எல்சியின் இமைகள் மெல்ல இறங்கின. எல்சி தன் விரலாலேயே ஒரு இமையைத் தூக்கிப் பார்த்தாள். விரலை எடுத்ததும் திரும்ப மூடிக்கொண்டது. ஏதோ சொன்னாள். நாக்கு குழறியது.

"தூங்காதே எல்சி, தூங்காதே" என்று அம்சவள்ளி அவள் கன்னத்தைத் தட்டினாள்.

"அவங்க தூங்கலக்கா" என்றாள் சங்கவி. "விஷம் நரம்பைப் பிடிச்சிக்கினு கண்ணை மூட வைக்குது. உள்ளாற நினைவு இருக்கும். காது நல்லா கேக்கும். பேசிக்கினே வாங்க."

"இன்னா பேசறது? தமிழ் தெரியாதே அவங்களுக்கு."

"தெரியாட்டி இன்னாக்கா? கொரலு கேட்டா போதும்."

அம்சவள்ளி எல்சியின் பக்கம் திரும்பினாள். குழந்தையாக இருந்தபோது அன்புச்செல்விக்குக் காய்ச்சல் வந்தால் சொல்வதைச் சொன்னாள். "ஒண்ணுமில்ல, எல்சி. ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல."

திண்டிவனத்து அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே மூச்சு திணறியது. தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். மூச்சுவிடும் இயந்திரம் வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார்கள். திரும்பவும் வண்டி. சங்கவி ஒரு காற்றுப்பையைக் கையால் அழுத்தி அழுத்தி எல்சிக்கு மூச்சு கொடுத்துக்கொண்டே வந்தாள். அந்த அழுத்தலுக்கு ஏற்றபடி அம்சவள்ளியும் மூச்சு விட்டாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளெல்லாம் ஒதுங்கி நின்றன. நடுவில் ஒரு வழி திறந்திருந்தது. அதன் வழியே நிற்காமல் போனபோது, ரோடு நகர்கிறதா வண்டி நகர்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முண்டியம்பாக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்சியைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். அம்சவள்ளி வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்தாள். அங்கே அவளைப் போலப் பலர். ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒருவர். கதவு திறந்து ஒரு பெயர் கூப்பிடப்படும். அந்தப் பெயருக்குத் துணையாக வந்தவர் எழுந்து ஓடுவார். தண்ணீர் வாங்க, மருந்து வாங்க, ரத்தத்தை லேபுக்குக் கொண்டுபோக, டாக்டர் சொல்வதைக் கேட்க. பெயருக்கு ஆள் எழாமல் போனால் வராந்தா முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

"எல்சி கூட யாரு?"

ஸ்டாஃப் நர்ஸ் இருதயசெல்வி கதவில் நின்று கூப்பிட்டாள். போலீஸ்காரர் ஒருவர் பாண்டிச்சேரி விடுதியிலிருந்து பாஸ்போர்ட் விவரம் வாங்கி அனுப்பியிருந்தார். லாத்வியா என்கிற நாடு, இல்ஸே என்று பெயர். "எங்க பெரியம்மா பேரு எல்சி. எனக்கு அப்படித்தான் வாயில வருது" என்றாள் இருதயசெல்வி.

அம்சவள்ளி எழுந்தாள்.

"நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்மா?"

"எங்கிட்ட மல்லாட்டை வாங்கினாங்க."

நர்ஸ் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சரி, உள்ள வாங்க. செருப்பை வெளிய விட்டுடுங்க."

எல்சி நேராகப் படுத்திருந்தாள். வாயில் குழாய். கண் மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி மூச்சை உள்ளே தள்ளி வெளியே இழுத்தது. தலைமாட்டுத் திரையில் ஒரு பச்சைக் கோடு குதித்துக்கொண்டிருந்தது. இருதயசெல்வி அதைக் காட்டினாள். "நெஞ்சு ரொம்ப வேகமா அடிக்குது. பயந்துட்டாங்க பாவம். கண்ணைத் தொறக்க முடியாது, விரலை அசைக்க முடியாது, ஆனா எல்லாம் கேட்டுக்கினு இருக்காங்க. நினைச்சுப் பாருங்க."

அம்சவள்ளி நினைத்துப் பார்த்தாள். குனிந்து, அவள் காதோரத்தில், "ஒண்ணுமில்ல எல்சி, நான்தான்" என்றாள்.

பச்சைக் கோடு உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மெதுவாக, வெந்து வரும் பாத்திரத்தின் கொதிப்பு தணலைக் குறைத்ததும் அடங்குவது போல, அந்தக் குதிப்பு அடங்கி வந்தது. பின்னால் வந்து நின்ற டாக்டர் ஜெகதீசன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கமாகக் கூட வந்தவர்களுக்கு உள்ளே இருக்க அனுமதி கொஞ்ச நேரம்தான். "இந்த அம்மா இருக்கட்டும், சிஸ்டர். பகல்ல எப்போ வந்தாலும் விடுங்க" என்றார்.

*

டாக்டருக்குப் போன்கள் வந்தன. டெல்லியில் இருந்த தூதரகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். பயணக் காப்பீட்டுக்காரர்கள் பேசினார்கள். எல்சியைச் சென்னையில் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். தானாக மூச்சுவிடும்வரை அசைக்கக்கூடாது, விஷமுறிவுக்கு இங்கே செய்வதைத்தான் அங்கேயும் செய்வார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா மகன் ஒருவர் புறப்பட்டு வருவதாகவும், விசா கிடைத்து வந்து சேரச் சில நாட்கள் ஆகும் என்றும் தெரிந்தது.

போனை வைத்துவிட்டு அவர் அம்சவள்ளியிடம் வந்தார். "கூட யார் இருக்காங்கன்னு கேட்டாங்கம்மா. ஃப்ரெண்டு ஒருத்தங்க இருக்காங்கன்னு சொல்லிட்டேன். பரவால்லியா?"

"சொல்லுங்க சார்" என்றாள் அவள். பிறகு வராந்தாவில் உட்கார்ந்து அந்தச் சொல்லை ஒரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

விஷயம் தெரிந்து அன்புச்செல்வி வந்தாள். கையில் ஒரு மாற்றுப் புடவையும், தூக்கில் கேப்பைக் கூழும்.

"ஏம்மா, உனக்கு புத்தி கித்தி இருக்குதா? யாரோ எவளோ வெள்ளைக்காரிக்கு நீ இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீற? அவங்க கவர்மெண்டு பார்த்துக்காதா?"

"பார்த்துக்கும்டி. டெல்லியில இருந்து பேசினாங்க."

"அப்போ கிளம்பு."

"பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. யாரும் எழுந்திரிக்கலேன்னா நல்லா இருக்காது."

"உனக்கு ஏதாச்சும்னா நான் வந்து எழுந்திரிப்பேன். ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் நீ எழுந்திரிச்சிக்கினே இரு" என்று மகள் முறைத்தாள். முறைத்துக்கொண்டே தூக்கைத் திறந்து, கூழில் மோரை ஊற்றிக் கரைத்து, வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளக் கொடுத்தாள். அம்மா குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போகும்போது கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தாள். "எம்மாம் உயரம்மா. கட்டில் பத்தலை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே, அம்சவள்ளியிடம் "ஒண்ணுமில்ல" தீர்ந்துபோயிருந்தது. கண்ணில் பட்டதைச் சொல்லிப் பார்த்தாள். ஜன்னல்ல காக்கா வந்து குந்திக்கினு இருக்குது, எல்சி. சிஸ்டர் உனக்கு ஊசி போடப் போறாங்க. வெளிய டீக்காரன் வந்திருக்கான். அதுவும் தீர்ந்தது. பெட்டியின் மூச்சு ஏறி இறங்கியது. மதியத்தின் வெளிச்சம் தரையில் ஒரு சதுரமாகக் கிடந்தது. குளிரூட்டியின் சத்தத்தில் தூக்கமும் விழிப்பும் ஒன்றில் ஒன்று கரைந்தன. தான் எதைப் பேசத் தொடங்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. குரல் முன்னால் போய்விட்டது. அவள் அதன் பின்னால் போனாள்.

"எங்கப்பா அம்மாவுக்கு நெலம் கிடையாது, எல்சி. அடுத்தவங்க காட்டுல மல்லாட்டை புடுங்குவாங்க. நான் கூடையில படுத்துக்கினு இருப்பேனாம். அப்பறம் குவாரிக்குப் போனேன். எனக்குன்னு ஒரு சின்ன சுத்தியல் குடுத்தாங்க. வெயில்ல கல்லு பளபளன்னு மின்னும். கண்ணை மூடினாலும் மின்னும்..."

மழை பெய்தால் குவாரிப் பள்ளங்கள் நிறைந்துவிடும். வேலை நின்றுபோகும். தண்ணீர் நீலமாக இருக்கும். அடி தெரியாத நீலம். கரையில் நின்று பார்த்தால் வானம் கீழே கிடக்கும். லாரியில் கல் ஏற்றிக்கொண்டிருந்த சின்னதுரை, மேலே பாறையிலிருந்து அந்த வானத்துக்குள் குதித்தான். வட்டம் வட்டமாக அலை விரிந்து, அடங்கி, தண்ணீர் பழையபடி கண்ணாடியாகிவிட்டது. ஆளைக் காணோம். அவள் பயந்து கத்தவும் அவன் அவள் காலடியில் எழுந்து தலையைச் சிலுப்பிச் சிரித்தான். அப்படித்தான் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது.

"லாரி கவுந்துடிச்சி, எல்சி. வூட்டுக்குத்தான் கொண்டாந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு எதுவும் மிச்சம் இல்ல. ஒரு மடக்கு தண்ணி குடுக்கலை நான். பக்கத்துல குந்தி ஒரு வார்த்தை சொல்லலை. காலையில கூழு குடிச்சிட்டுப் போனவரு."

பச்சைக் கோடு சீராக ஓடிக்கொண்டிருந்தது. வேறு எங்கோ தூரத்தில் ஒரு ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கிறீச்சிட்டுப் போனது.

அதன்பிறகு அவள் குரல் சின்னதாகிவிட்டது. இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று அவளிடம் இருந்தது. அன்புச்செல்வி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். ஜல்லி அரைக்கும் கிரஷரில் லாரி டிரைவராக இருந்த ஒருவர் அம்சவள்ளியைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். நல்ல மனுஷர். உரத்துப் பேசமாட்டார். அவள் முடியாது என்று சொன்னாள். அவர் சரியென்று சொல்லி, வேறு ஊர்ப்பக்கம் வேலைக்குப் போய்விட்டார்.

"ஊரு இன்னா சொல்லுமோன்னு பயம். பொண்ணு மூஞ்சியைப் பார்க்கணுமே. ஆனா ஆசை இருந்துச்சி, எல்சி. இல்லேன்னு சொல்லமாட்டேன். அவரு போனப்புறம் ரொம்ப நாளைக்கு, ரோட்டுல லாரி சத்தம் கேட்டா எழுந்துடுவேன்."

நெஞ்சுக்குள் காற்று வந்துபோக இடம் கிடைத்த மாதிரி இருந்தது. கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்தாள். அரைத்தூக்கத்தில் கல்மரங்கள் எழுந்து நின்றன. கிளைகளில் இலைகள் அசைந்தன. பழைய வெள்ளம் ஒன்று ஓசையில்லாமல் அவற்றுக்கு நடுவே ஓடியது. அதில் அவளும் எல்சியும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார்கள்.

*

மறுநாள் காலையில் எல்சியின் வலது கைச் சுண்டுவிரல் அசைந்தது. முதலில் பார்த்தது இருதயசெல்விதான். பிறகு புருவம். பிறகு இமைகள், பனையோலைப் பாயை மெல்லச் சுருட்டித் தூக்குவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போயின. உள்ளேயிருந்து வெளிர்நீலக் கண்கள் கூரையைப் பார்த்தன, விளக்கைப் பார்த்தன, சுற்றித் தேடி அம்சவள்ளியிடம் வந்து நின்றன.

மூச்சு தானாக வரத் தொடங்கி, குழாயை எடுத்த பிறகு தொண்டை கரகரத்தது. பேசவேண்டாம் என்று டாக்டர் சைகை காட்டினார். எல்சி கேட்கவில்லை. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் இருட்டில் தடவி எடுப்பது போல, "ஒண்... ணு... மில்ல" என்றாள்.

இருதயசெல்வி மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் ஜெகதீசன், "அர்த்தம் தெரிஞ்சுதான் சொல்றாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அம்சவள்ளிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வார்டுக்கு மாற்றிய பிறகு எல்சி போனை எடுத்தாள். அதில் அவள் தன் பாஷையில் பேச, போன் அதைத் தமிழில் சொன்னது.

"நான் இருளில் இருந்தேன். எனது உடல் கல்லாக மாறியிருந்தது. ஒரு பெண்மணி முன்னால் நடந்துகொண்டே உரையாடினார். நான் அவரைப் பின்தொடர்ந்தேன்."

"இன்னா இது, ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுது" என்றாள் அம்சவள்ளி.

போன் அதையும் மொழிபெயர்த்தது. எல்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கேட்டாள். போன் சொன்னது: "தாங்கள் என்னிடம் என்ன கூறினீர்கள்?"

அம்சவள்ளி போனைப் பார்த்தாள். பக்கத்தில் இருதயசெல்வி ஆவலாக நின்றாள். அடுத்த கட்டில்காரர்களும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மழை பேஞ்சத பத்தி சொன்னேன்" என்றாள் அம்சவள்ளி.

எல்சி அதைக் கேட்டாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனில் நிதானமாக நீளமாகப் பேசினாள்.

"ஓரிடத்தில் தங்களது குரல் மிகவும் சிறியதாக ஆனது. அவ்விடத்தில் நான் தங்கள் கையைப் பிடிக்க விரும்பினேன். என்னால் இயலவில்லை."

சொல்லி முடித்ததும் போனைப் போர்வைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்சவள்ளியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். இடது கையில் கட்டு இருந்தது. அம்சவள்ளி குனிந்த தலை நிமிரவில்லை. வார்டில் யாரோ குழந்தைக்குப் பிஸ்கட் பிரித்துக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

அக்கா மகன் வந்து சேர்ந்தார். எல்சியைப் போலவே உயரம். காது வரை சிவந்திருந்தார். அம்சவள்ளியைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு தரம் கும்பிட்டார். காரில் ஏறும்போது எல்சி அவளைக் கட்டிக்கொண்டாள். அம்சவள்ளியின் தலை அவள் தோளுக்குத்தான் வந்தது. கார் பாண்டிச்சேரிப் பக்கம் திரும்பி மறையும்வரை நின்றுவிட்டு, ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே வந்து பஸ் ஏறினாள். கூடையைக் கண்ணையன் பத்திரமாக வைத்திருந்தார். அதிலிருந்த மல்லாட்டைதான் புளித்துப் போயிருந்தது.

*

சில மாதங்கள் கழித்து, ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், இருதயசெல்வியிடமிருந்து போன் வந்தது.

"யக்கா, ஒண்ணு கேக்கணும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. ஒடிசாக்காரர் ஒருத்தரு. திண்டிவனத்துல கட்டடத்து மேல இருந்து விழுந்துட்டாரு. கொண்டாந்து விட்டவங்க வேலைக்குத் திரும்பிப் போயிட்டாங்க. அண்ணங்காரரு ரயில்ல வந்துக்கினு இருக்காரு. அதுவரைக்கும் பேர் கூப்பிட்டா எழுந்திரிக்க ஆளில்ல."

"அவரு பேரு இன்னா?"

"பிஜய்."

அம்சவள்ளி அந்தப் பெயரை ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "வர்றேன்" என்றாள்.

பிஜய்க்கு இடுப்பு எலும்பும் காலும் முறிந்திருந்தன. வலி வரும்போது தன் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டார். அந்த ஒரு சொல் எல்லாப் பாஷையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அவள் கண்டுகொண்டாள். அவருக்குப் பாலை ஆற்றிக் கொடுத்தாள். எக்ஸ்ரே அறைக்குத் தள்ளுவண்டியில் போகும்போது கூடவே நடந்தாள். சும்மா இருந்த நேரங்களில் பேசினாள். அவருக்கு அவள் எடுத்தது அன்புச்செல்வி பிறந்த கதையை. அவர் புரிந்தது போல ஆமாம் போட்டார். நடுநடுவே அவரும் ஏதோ நீளமாகச் சொன்னார். அவளும் ஆமாம் போட்டாள். தன் கிராமத்தையோ, அங்கே விட்டுவந்த யாரையோ பற்றி இருக்கலாம். அவர் குரல் சின்னதான இடத்தில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் வந்து பொறுப்பேற்ற பிறகும் ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு அவ்வப்போது அழைப்பு வந்தது. மேல்மருவத்தூர் போகும் வழியில் பஸ்ஸில் மயங்கி விழுந்த ஆந்திரக்கார அம்மாள். ரோட்டைக் கடக்கும்போது அடிபட்ட, பேர் தெரியாத பெரியவர். அந்தப் பெரியவர் பிழைக்கவில்லை. கடைசியில் அவர் வாயில் தண்ணீர் விட்டது அம்சவள்ளிதான். அன்று மகள் வீட்டுக்குப் போய், தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்புச்செல்வி துண்டை எடுத்து வந்தாள். அம்மாவின் ஈரத்தலையைத் துவட்டிவிட்டாள். அடுத்த தரம் போன் வந்தபோது, கூழ்த் தூக்கைத் தானே கொண்டுவந்து வராந்தாவில் வைத்தாள்.

போன ஐப்பசியில் ஒருநாள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழைக்கு முந்தைய காற்று. சாய்ந்ததும் கண் சொருகிவிட்டது. மயிலம் வழியாக ஊருக்குப் போக, கூட்டேரிப்பட்டில் அவள் இறங்கியிருக்கவேண்டும். கண்டக்டர் எழுப்பியபோது பஸ் திண்டிவனம் நிலையத்துக்குள் நின்றிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒரு டீ சொன்னாள். செஞ்சி பஸ், மரக்காணம் பஸ், பாண்டிச்சேரி பஸ் எல்லாம் ஒளியை முன்னால் தள்ளிக்கொண்டு மழைக்குள்ளிருந்து வந்தன, மழைக்குள் போயின. தரையில் தேங்கிய தண்ணீரில் அவை தலைகீழாக ஓடின.

பக்கத்தில் ஒரு பெண், இரண்டு பைகளை மடியில் அணைத்துக்கொண்டு, எந்த பஸ்ஸையும் பிடிக்காமல் வெகுநேரமாக உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. அம்சவள்ளி டீயை ஒரு வாய் குடித்தாள். பிறகு தம்ளரோடு அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்த ஊரும்மா உனக்கு?" என்று கேட்டாள்.